பாரதியைக் கைமாற்றிய வாசகர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1920-ஆம் ஆண்டில் கடையத்திலிருந்து சுப்பிரமணிய பாரதி தம் அன்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது அவருடைய திட்டம். அதற்கு 'தமிழ் வளர்ப்புப் பண்ணை' என்று பெயரிட்டு, அச்சுச் செலவுக்கு அன்பர்கள் கடனாகப் பணம் தந்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோலத் தம் நூல்கள் தமிழ்நாட்டின் வீடுதோறும் விற்பனையாகும் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. பணம் வரவில்லை, பண்ணையும் அமையவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே, திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் காலமானார். கிருஷ்ணாம்பேட்டை மயானம்வரை சென்றவர்கள் இருபது பேரைத் தாண்டவில்லை என்பதே உடன் சென்றவர்கள் சொல்லி வழங்கிவரும் செய்தி.

அவர் கனவு கண்ட 4 லட்சம் படிகளின் வேலையைப் பிற்பாடு யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பாரதியின் புகழ் தானாகப் பரவியது என்றொரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஆவணங்களைப் பார்த்தால், பாடலை அச்சில் வைத்திருப்பது, தடையிலிருந்து மீட்பது, உரிமைச் சிக்கலிலிருந்து விடுவிப்பது, சிதறியவற்றைத் தேடித் தொகுப்பது, பிழையின்றி அடுத்தவரிடம் கொடுப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் வாசகர்கள் உழைத்திருப்பது தெரிகிறது. அந்த உழைப்பின் இன்றைய வடிவம்தான் இணையத்தில் நடக்கிறது. ஆகவே அதன் முன்வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசுவதே முறை.

அச்சில் உயிரோடு வைத்தவர்கள்

பாரதியின் பாடலை முதன்முதலில் பெரிய அளவில் மக்களிடம் சேர்த்தவர் அவருடைய அரசியலுக்கு எதிரணியில் இருந்தவர். காங்கிரஸின் மிதவாதத் தலைவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அதே கட்சியில் திலகர் வழி நின்ற தீவிரவாத அணியைச் சேர்ந்த இளைஞர் பாரதி பாடிக் கேட்டு நெகிழ்ந்து, 1907-இல் மூன்று பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அரசியல் பகையைப் பாடல் கடந்துபோன இந்த நிகழ்ச்சியை மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் இதே போக்கு பின்னாலும் தென்படுகிறது.

புதுச்சேரி ஆண்டுகளிலும் அதன் பிறகும் அச்சு வேலையைத் தாங்கியவர் பரலி சு. நெல்லையப்பர். கண்ணன் பாட்டும் பாப்பா பாட்டும் 1917-இல் நூல்களாக வந்தது அவரால்தான். பாரதி மறைந்த இரவில் உடனிருந்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். பின்னர் செல்லம்மா பாரதி, 1922-இல் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் சுதேச கீதங்களை வெளியிட்டார். கணவரை இழந்து ஓராண்டு முடிவதற்குள், வருமானம் ஏதுமற்ற நிலையில், அவர் மேற்கொண்ட இந்த முயற்சிக்கு உரிய இடத்தைப் பாரதி வரலாறு இன்னும் தரவில்லை என்பது என் கருத்து. அதன்பின் பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் ஹரிஹர சர்மாவும் மருமகன் நடராஜனும் சேர்ந்து நடத்திய 'பாரதி பிரசுராலயம்' நூல்களைத் தொடர்ந்து அச்சில் வைத்திருந்தது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் வந்திருக்க, இரண்டாம் பாகம் 1924-இல்தான், அதாவது கவிஞர் காண முடியாத காலத்தில், வெளிவந்தது.

1928-இல் பர்மா அரசு எடுத்த தடை நடவடிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் பாரதி பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி பாடல்களுக்காக வாதாடினார். அரசைக் கண்டித்த தீர்மானம் பெருவாரியான வாக்குகளில் நிறைவேறியது. தடை செய்யப்பட்ட பாடல்கள்மீது ஆவல் பெருகியதும், மேடைகளில் அவை முன்னிலும் உரக்க ஒலித்ததும் இயல்பாகவே நடந்தன.

1930-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த இலங்கையின் விபுலானந்த அடிகள், பண்டிதர் உலகம் பாரதியைப் பொருட்படுத்தாத அந்நாளில், மாணவர்களிடையே பாரதி வாசிப்புக்கு இடம் அமைத்துக் கொடுத்தார்.

விவாதித்தவரே மண்டபம் எழுப்பினார்

1930-களின் நடுவில் பாரதி மகாகவியா, அல்லவா என்ற விவாதம் பத்திரிகைகளில் மூண்டது. எழுத்தாளர் வ.ரா. அவரை உலகப் பெருங்கவிகளின் வரிசையில் வைத்துப் பேச, ஆனந்த விகடனில் இருந்த கல்கி அதை ஏற்க மறுத்து எழுதினார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் பக்கம் நின்று வரிசையாக மறுமொழி எழுதினார்கள். அந்தக் கட்டுரைகளே 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. தமிழ் நவீனத் திறனாய்வின் தொடக்கப் பக்கங்கள் அவை. வாசகர்கள் இருபுறமும் நின்று பாடல்களை எடுத்து அடுக்கி, உவமையையும் ஓசையையும் கருத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்ததால், பாரதி வெறும் தேசியக் கவி என்ற சிமிழுக்குள் அடைபடாமல் வெளியே வந்தார். ஒரு கவிஞரைப் போற்றுவோர் அவர் மீதான கேள்விகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதே கல்கிதான் எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவிடம் எழக் காரணமானார். பிறந்த ஊரில் ஒரு நூலகமாவது வேண்டும் என்ற அளவில் தோன்றிய எண்ணத்தை அவர் தம் 'கல்கி' இதழில் எழுதி நிதி கேட்டார். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாக வாசகர்கள் அனுப்பிய பணம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சேர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் இசை அந்த முயற்சிக்குத் துணை நின்றது. நூலகத் திட்டம் மணிமண்டபமாக வளர்ந்தது. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதம், 1947 அக்டோபரில், அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்த அவரே வந்து திறந்துவைத்தார். அரசாணை எதுவும் இல்லாமல், ஒரு வார இதழின் வாசகர்கள் தங்கள் கவிஞனுக்குக் கட்டிய கட்டடம் அது. எட்டயபுரம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கல்லும் சுண்ணாம்பும் வேறு பொருள் தரும்.

உரிமையை மீட்ட ஓராண்டு

இந்த வரலாற்றில் மிக நுட்பமான பகுதி பதிப்புரிமை விவகாரம். அக்காலச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை, அதாவது 1971 வரை, பாரதி பாடல்கள் தனியுடைமையாகவே இருந்திருக்கும். நூல் வெளியிடும் உரிமை விசுவநாதனிடம் இருந்தது. இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்கான உரிமை தனியே விற்கப்பட்டுக் கைமாறி, கடைசியில் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் ஒலித்த பாரதி பாடல்கள் 1947-இல் ஊரெங்கும் பரவின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரிமை பெற்றவர் பாடலைப் பூட்டி வைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் பாட வேண்டுமானால் அவருடைய அனுமதி தேவைப்பட்டது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் 'தூண்டிற் புழுவினைப்போல்' பாடல் இடம்பெற்றபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாக வெடித்தது.

அந்தச் சகோதரர்களுள் ஒருவரான டி.கே. சண்முகம் பணிந்துபோக மறுத்தார். வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் முதலிய எழுத்தாளர்கள் திரண்டு, பாரதி விடுதலைக் கழகம் என்ற பெயரில் கூட்டங்கள் நடத்தினார்கள். பாரதி பாடல் மக்கள் சொத்து என்று ஊர் ஊராகப் பேசப்பட்டது. பொதுவுடைமை மேடைகளில் ஜீவா அதை முழங்கினார். குடும்பத்தாரின் இசைவு இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்ற நேர்மையும் அவர்களிடம் இருந்தது. திருநெல்வேலிக்கே சென்று செல்லம்மா பாரதியைச் சந்தித்து அவருடைய ஒப்புதலைப் பெற்றார்கள். 1949 மார்ச் மாதத்தில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் அரசின் முடிவைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மெய்யப்ப செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை ஈடு எதுவும் பெறாமல் விட்டுக் கொடுத்தார். செல்லம்மாவுக்கும் மகள்கள் தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் அரசு தலா 5,000 ரூபாய் வழங்கியது. சில ஆண்டுகள் அரசே பதிப்பித்த பின், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை 1950-களில் உருவாயிற்று.

இதன் விளைவை எளிதில் அளந்துவிட முடியாது. ஒரு கவிஞரின் எழுத்தை அரசு வாங்கிப் பொதுவில் வைப்பது அதற்கு முன் அறியப்படாத செயல். மலிவுப் பதிப்புகள் பெருகின. பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசாகப் பாரதியார் கவிதைகள் வாங்கி வந்த குழந்தைகள் எத்தனை தலைமுறை! இன்று இணையத்தில் அவருடைய பாடல் யாருடைய அனுமதியும் இன்றிப் படியெடுக்கப்படுவதற்கும், கைபேசியில் ஒரு மாணவி அதை இலவசமாகப் படிப்பதற்கும் சட்ட அடிப்படை அந்த ஓராண்டுப் போராட்டம் உருவாக்கியது. பாரதிதாசன், புதுமைப்பித்தன் உள்ளிட்ட பலரின் நூல்கள் பின்னாளில் நாட்டுடைமையானதற்கும் இதுவே முன்மாதிரி.

தேடித் தொகுத்தவர்கள்

பாடல்கள் கிடைத்தபோதும் உரைநடையின் பெரும்பகுதி பழைய இதழ்க் கட்டுகளில் உறங்கிக் கிடந்தது. பெ. தூரன், பாரதி பணியாற்றிய சுதேசமித்திரன் நாளிதழின் கோப்புகளைப் புரட்டித் தொகுத்த 'பாரதி தமிழ்' 1953-இல் வந்தது. ரா.அ. பத்மநாபன் பாரதியோடு பழகியவர்களைத் தேடிச் சென்று செய்திகளையும் படங்களையும் திரட்டி, 1957-இல் 'சித்திர பாரதி'யைக் கொண்டுவந்தார். பாரதியின் புகைப்படங்களாக உறுதிசெய்யப்பட்டவை ஐந்துதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தேடலின் மதிப்பு விளங்கும். நாம் சுவரொட்டியிலும் பாடநூலிலும் காணும் முண்டாசு முகம் பெரும்பாலும் ஓவியர் ஆர்யாவின் கைவண்ணத்திலிருந்து பிறந்தது. இளசை மணியன் 'இந்தியா' இதழ்க் கட்டுரைகளைத் தொகுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி 'விஜயா' நாளேட்டு எழுத்துகளையும், 'தி ஹிந்து' நாளிதழுக்குப் பாரதி எழுதிய ஆங்கிலக் கடிதங்களையும் கண்டெடுத்துப் பதிப்பித்தார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்த சீனி விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு 23 தொகுதிகளாக 2024 டிசம்பர் 11 அன்று, பாரதி பிறந்தநாளில், வெளியிடப்பட்டது.

இவர்களுள் பலர் கல்வித்துறைப் பதவிகளின் துணையில்லாமல் இதைச் செய்தவர்கள். ஒரு பழைய இதழ் எந்த வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரித்து, உரியவரின் நம்பிக்கையைப் பெற்று, பூச்சி அரித்த தாளைக் கையால் படியெடுத்து, தேதியைச் சரிபார்த்து அச்சுக்குக் கொடுத்தார்கள்.

தட்டச்சு செய்தவர்கள்

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலும் குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவிலும் இருந்தபடி தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் நூல்களைத் தட்டச்சு செய்து, ஒருவர் உள்ளிட்டதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிடும் முயற்சி. திருக்குறளில் தொடங்கிய அதன் ஆரம்பகால வெளியீடுகளிலேயே பாரதி பாடல்களும் இருந்தன. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறிமுறையில், அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் முறையில், இயங்கிய காலம் அது. ஒரு கணினியில் படித்தது அடுத்த கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். பின்னர் தகுதரக் குறிமுறை (TSCII) வந்தது, அதன்பின் யூனிகோடு வந்தது. மாற்றம் நிகழ்ந்த ஒவ்வொரு முறையும் எல்லா நூல்களையும் மாற்றிச் சரிபார்க்கும் வேலையையும் தன்னார்வலர்களே ஏற்றார்கள்.

இந்த வேலையின் தன்மையை ஒரே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதிய ஆத்திசூடியின் 110 அடிகளுள் இன்று மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது 'ரௌத்திரம் பழகு'. இதில் முதல் எழுத்து ஔகார உயிர்மெய். அதைத் தட்டும்போது பலர் 'ரெ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்து இடுகிறார்கள். திரையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். சரியான வடிவத்தைத் தேடுபவருக்குப் பிழையான வடிவம் அகப்படாது. அதே நூலில் வரும் 'ஔடதம் குறை', 'சௌரியம் தவறேல்' ஆகியவற்றுக்கும் இதே கதிதான். இதைப் பொறுமையாகத் தேடித் திருத்துகிற, பெயர் தெரியாத வாசகர்கள் இருக்கிறார்கள். சூரிய வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் படித்துப் பார்த்த பழைய மெய்ப்பாளர்களின் நேர்வாரிசுகள் இவர்கள் என்றே நான் மதிக்கிறேன்.

சீர்பிரிப்பு இன்னொரு சிக்கல். யாப்புக்கு ஏற்ப 'சோறுநிதந் தின்று' என்று அச்சான அடியை, எளிமை கருதிச் 'சோறு நிதம் தின்று' என்று பிரித்துப் பதிவிடுகிறார்கள். புதிய வாசகருக்கு அது உதவுகிறது. அதே வேளையில் ஓசையை அறிய விரும்புபவருக்கு மூல வடிவம் தேவை. இரண்டையும் அருகருகே தருவதே நல்ல வழி. அப்படித் தருபவர்கள் இன்னும் குறைவு.

வரியும் பாடலும்

மேலே சொன்ன அடி இடம்பெறும் பாடலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'தேடிச் சோறுநிதந் தின்று' என்று தொடங்கி 'நான் வீழ்வேனென்று நினைத்தாயோ?' என்று முடியும் எட்டு வரிகள், தேர்வில் தோற்ற இளைஞர் முதல் தேர்தலில் தோற்ற தலைவர் வரை எல்லோருக்கும் ஆறுதலாகப் பயன்படுகின்றன. எதிரிக்கு விடும் அறைகூவலாகவே பெரும்பாலோர் அதைப் பகிர்கிறார்கள். பாடலின் தலைப்பு 'யோக சித்தி'. அது பராசக்தியிடம் வரம் கேட்கும் பாடல். 'நினைத்தாயோ' என்ற கேள்வி அவளை நோக்கியே எழுகிறது. அடுத்து வருவது 'நின்னைச் சிலவரங்கள் கேட்பேன் - அவை நேரே இன்றெனக்குத் தருவாய்' என்ற வேண்டுதல். முன்வினைகள் தீர்ந்து, கவலை நீங்கி, புதிய உயிராகத் தன்னை ஆக்கும்படி அந்த மனிதர் மன்றாடுகிறார். வீறாப்பும் சரணாகதியும் ஒரே மூச்சில் கலந்திருப்பதுதான் பாடலின் அழகு. எட்டு வரியோடு நிறுத்திவிட்டால் அதில் பாதி போய்விடுகிறது. பகிர்ந்தவருக்குக் கீழே யாரேனும் ஒருவர் முழுப் பாடலையும் எடுத்து இடும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. நினைவைக் காக்கும் பணியில் அதைவிடச் சிறந்ததாக நான் எதையும் கருதவில்லை.

'மெல்லத் தமிழினிச் சாகும்' என்பது இதைவிடக் கடுமையான நேர்வு. பாரதியே தமிழின் சாவை முன்னறிவித்தார் என்று மேடையிலும் கட்டுரையிலும் பலகாலம் சொல்லப்பட்டு வந்தது. தமிழ்த்தாய் பேசுவதாக அமைந்த பாடலில், 'என்றந்தப் பேதை உரைத்தான் - ஆ! இந்த வசையெனக் கெய்திட லாமோ?' என்று அடுத்தே வருகிறது. அது ஒரு பேதை சொன்ன வசை. அதைத் துடைக்கத் தன் மக்களை எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்கள் கொணரச் சொல்கிறாள் தாய். இதனை ஒவ்வொரு முறையும் சலிக்காமல் எடுத்துச் சொன்ன ஆசிரியர்களும் வாசகர்களும் உண்டு. இன்று அந்த வரியைத் தவறாகக் காட்டுபவர் உடனே திருத்தப்படுகிறார்.

நினைவு நாள் குறித்தும் ஆண்டுதோறும் இப்படி ஒரு விவாதம் நடக்கிறது. பாரதியின் உயிர் பிரிந்தது நள்ளிரவைத் தாண்டிய பின். இறப்புப் பதிவு 1921 செப்டம்பர் 12 என்கிறது. வழக்கமாக அஞ்சலி செலுத்தப்படுவது 11-ஆம் நாள். நூற்றாண்டு நினைவையொட்டி 2021-இல் தமிழ்நாடு அரசு மகாகவி நாளாக அறிவித்ததும் 11-ஆம் நாளையே. பதிவேட்டைச் சுட்டிக்காட்டுபவர்களை நச்சரிப்பவர்களாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு நாளும் பாரதியைப் படிப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

விழாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டிசம்பரில் திருவல்லிக்கேணியில் வானவில் பண்பாட்டு மையம் நடத்தும் ஜதி பல்லக்கு ஊர்வலம், எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் எழுதிய கடிதமான சீட்டுக்கவியில் கவிஞர் கேட்டுக் கிடைக்காமல் போன மரியாதையைப் பாரதி உருவத்துக்குச் செய்கிறது. காசியில் அனுமன் படித்துறை அருகே அவர் இளமையில் வாழ்ந்த வீட்டின் ஒரு பகுதி 2022 டிசம்பரில் நினைவிடமாயிற்று. இவை வேண்டியவையே. ஆனால் விழா முடிந்தபின் ஒரு புதிய வாசகர் பாஞ்சாலி சபதத்தைத் திறந்தாரா என்பதே என் அளவுகோல்.

மிச்சமிருக்கும் வேலை

இணையத்தில் உள்ள பாரதியில் இரண்டு பெரிய குறைகள் தெரிகின்றன. முதலாவது, எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்பட்டது என்ற குறிப்பு பல இடங்களில் இல்லை. தேசிய கீதங்கள், தோத்திரப் பாடல்கள், ஞானப் பாடல்கள் என்ற பகுப்பு பதிப்பாசிரியர்கள் செய்தது. பதிப்புக்குப் பதிப்பு பாடபேதங்களும், அதாவது சொல் வேறுபாடுகளும், உள்ளன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு இவற்றைக் காட்டுகிறது. அதையும் காலவரிசைப் பதிப்பையும் ஒப்பிட்டுத் திருத்திய பாடம் இணைய வாசகருக்கு எளிதாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிட வருத்தம் தருவது. பகிரப்படுபவை ஏறத்தாழ முழுக்கப் பாடல்கள்தாம். பெண் கல்வி, ஜாதி, தொழிலாளர், உலக அரசியல் என்று அவர் எழுதிய கட்டுரைகளும், சந்திரிகையின் கதையும், சின்னச் சங்கரன் கதையும் அந்த வெள்ளத்தில் தென்படுவது அரிது. பாரதி பத்திரிகைக்காரராகவே வாழ்ந்து பத்திரிகைக்காரராகவே மறைந்தவர். அந்த நடையை அறியாதவர் அவரைப் பாதிதான் அறிந்திருக்கிறார்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு வாசகர் குழு மாதம் ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அது முதலில் வந்த இதழின் பெயரையும் தேதியையும் தலையில் இட்டு, மூல எழுத்தமைதி மாறாமல் உள்ளிட்டு, அருஞ்சொல்லுக்கும் அக்கால நிகழ்ச்சிக்கும் அடியில் குறிப்பு எழுதி வெளியிட்டால் போதும். சுதேசமித்திரனில் வந்த சிறு கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம். அவற்றுள் பல ஒரே அமர்வில் தட்டச்சு செய்து முடிக்கக்கூடிய அளவுடையவை.